சந்திரனின் வெள்ளைக் கல்



முழுநிலா நாளில் வானத்தை நோக்கினால், சந்திரனின் முகத்தில் இரண்டு நிறங்கள் இருப்பதை யாவரும் காணலாம். பெரும்பகுதி வெண்மையாக ஒளிர்கிறது; இடையிடையே சாம்பல் நிறத்தில் சில கறைகள் தென்படுகின்றன. அக்கறையை முயல் என்றனர் சிலர். பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லிக் குழந்தைகளுக்குச் சோறூட்டினர் பலர். கறையைப் பற்றி நாம் நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். வெண்மையைப் பற்றியோ அவ்வளவாக ஒருவரும் கேட்பதில்லை. சந்திரன் ஏன் வெண்மையாக இருக்கிறது? அவ்வெண்மை எந்தக் கல்லின் வெண்மை? அக்கல் அங்கே எவ்வாறு உண்டாயிற்று? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே இன்றைய என் பேச்சின் பொருள். அவ்வரலாற்றில் அண்மைக் காலத்தில் நம் நாடு சேர்த்துள்ள பகுதி சிறிதன்று என்பதையும் எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

‘அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதிகளுள் ஒன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் அவ்விதி எனக்குக் கைகொடுத்தது. ஆதலின் இன்றும் சந்திரனுக்கு நேரே சென்றுவிடாமல், நமக்கு அண்மையிலுள்ள ஓரூரிலிருந்து தொடங்குகிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சுற்றிலும் வயலோரத்திலும் வண்டிப் பாதையிலும் ஒருவகை வெளிறிய கல் கிடக்கிறது. அதற்கு அனார்த்தசைட்டு என்பது நிலநூலார் இட்ட பெயர். அதன் பெரும்பகுதி பிளாஜியோகிளேசு என்னும் கனிப்பொருளால் ஆனது. கால்சியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகிய நான்கு தனிமங்கள் சேர்ந்து அமைந்த கனிப்பொருள் அது என்று சுருக்கமாகக் கொள்ளலாம். சித்தம்பூண்டிப் பாறை 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. 1956-இல், அதாவது மனிதன் செய்த எந்தப் பொருளும் விண்ணில் சுற்றத் தொடங்குவதற்கு முன்பே, சுப்பிரமணியம் என்னும் நிலநூல் அறிஞர் அப்பாறைத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அப்போது அவ்வூர் சென்னை இராச்சியத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அக்கல்லுக்கும் சந்திரனுக்கும் உறவுண்டு என்று அன்று எவரும் கருதியிருக்க இயலாது.

நான் பணியில் இருந்தபோது, ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவர்களை அப்பக்கம் அழைத்துச் சென்றேன். ஒரு மாணவி கையளவு கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, “ஐயா, இதைப் பார்த்தால் சாதாரணக் கல்லாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நிலநூல் தொடங்குவதே அக்கேள்வியில்தான். சாதாரணமாகத் தோன்றும் கல் ஒவ்வொன்றும் தான் பிறந்த சூழலின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தன்னுள்ளே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு அஃது ஏடு, தெரியாதவனுக்குக் கல்.

இனிச் சந்திரனுக்குச் செல்வோம்.

1969-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20-ஆம் நாள் அப்போலோ 11 கலத்தில் சென்ற இருவர் சந்திரனில் இறங்கினர். அவர்கள் திரும்பி வரும்போது ஏறத்தாழ 22 கிலோகிராம் கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அவர்கள் இறங்கிய இடம் ‘அமைதிக் கடல்’ எனப்படுவது. பெயர்தான் கடல், அங்கே ஒரு துளி நீரும் இல்லை. தொலைநோக்கி புதிதாக வந்த 17-ஆம் நூற்றாண்டில் வானநூலார் அக்கரிய சமவெளிகளைக் கடல் என்று கருதிப் பெயரிட்டனர், பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பசால்ட்டுப் பாறைத் தளங்கள். நாம் முயலென்று சொல்லும் கறைகள் இவையே. சந்திரனின் மொத்தப் பரப்பில் இக்கரிய தளங்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். எஞ்சிய ஐந்து பங்கும் வெண்மையான மேட்டு நிலம்.

ஆகவே, அப்போலோ 11 கொண்டுவந்த கற்களும் பெரும்பாலும் கரியனவாகவே இருந்தன. ஆனால் மண்ணைச் சலித்துப் பார்த்தபோது அதில் மிகச் சிறிய வெள்ளைத் துணுக்குகள் சில அகப்பட்டன. அமெரிக்காவில் சான் வுட் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் அத்துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தனர். அவை அனார்த்தசைட்டு! பசால்ட்டுத் தளத்தில் இவை எவ்வாறு வந்தன? தொலைவிலுள்ள மேட்டு நிலத்தில் விண்கற்கள் மோதியபோது அங்கிருந்து தெறித்து வந்து விழுந்தவையாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின், மேட்டு நிலம் முழுவதும் அனார்த்தசைட்டால் ஆனதாக இருத்தல் வேண்டும். 1970-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க ஊஸ்டன் நகரில் கூடிய அறிஞர் அவையில் இக்கருத்து எடுத்துரைக்கப்பட்டது. சிகாகோவைச் சேர்ந்த சோசப் சுமித் என்பாரும் தனித்து ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார்.

அவர்கள் அத்துடன் நின்றிருந்தால் அது வெறும் கல்லாராய்ச்சியாகவே முடிந்திருக்கும். அவர்கள் அடுத்த படிக்கும் ஏறினர். ஒரு கோளின் மேற்பரப்பு முழுவதும் ஒரே கனிப்பொருளால் மூடப்பட வேண்டுமாயின், அதற்கு வழி யாது?

பாகு காய்ச்சி ஆறவிட்டால் கற்கண்டு கட்டி கட்டியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். பாறைக் குழம்பும் அவ்வாறே. அது குளிரும்போது எல்லாக் கனிப்பொருள்களும் ஒரே நேரத்தில் இறுகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய வெப்பநிலை வந்ததும் படிகமாகப் பிரிகிறது. முதலில் பிரிவது இரும்பும் மக்னீசியமும் கொண்ட ஒலிவின் போன்ற கனமான கனிப்பொருள். அதன் எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.2 கிராமுக்கு மேல். எனவே அது குழம்பின் அடியில் அமிழ்ந்துவிடும். பின்னர்ப் பிரியும் பிளாஜியோகிளேசின் எடையோ 2.7 கிராம் அளவே. அது குழம்பைவிட இலேசானது. ஆதலின் மேலே மிதக்கும். மோர் கடையும்போது வெண்ணெய் திரண்டு மேலே வருவதைப் போலத் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, வெள்ளை மேலோடாகப் படியும்.

சிறு குளத்தளவு குழம்பு இருந்தால் சிறு திட்டாகவே வெள்ளைக் கல் படியும். சந்திரன் முழுவதும் வெண்மையாக வேண்டுமாயின், சந்திரன் முழுவதும் ஒரு காலத்தில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்திற்கு உருகிக் கிடந்திருத்தல் வேண்டும். மணற்பருக்கை போன்ற சில துணுக்குகளிலிருந்து இத்துணைப் பெரிய முடிவு பிறந்தது. இதனைப் ‘பாறைக் குழம்புக் கடல்’ என்னும் கொள்கை என்பர்.

அத்துணை வெப்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பின்னர் ஒரு விடை கிடைத்தது. ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய்க் கோளின் அளவுள்ள ஒரு கோள் இளமைப் பருவத்துப் பூமியின்மேல் மோதிற்று. அம்மோதலில் சிதறிய பொருள் பூமியைச் சுற்றித் திரண்டு சந்திரனாயிற்று என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அவ்வாறு பிறந்த சந்திரன் கொதிக்கும் குழம்பாகவே பிறந்திருக்கும் என்பதில் வியப்பில்லை.

இக்கொள்கை அழகானது; ஆயினும் அழகு வேறு, உண்மை வேறு. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நாம் சொல்கிறோம். அப்பழமொழி எப்போது பொருந்தும்? பானை முழுவதும் ஒரே அரிசியாய், ஒரே சூட்டில் வெந்திருந்தால் பொருந்தும். சந்திரன் அத்தகைய பானையா? 1969 முதல் 1972 வரை ஆறு அப்போலோ பயணங்களில் 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் வந்தன. சோவியத் நாட்டு லூனா கலங்கள் 1970, 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் சில நூறு கிராம் மண் கொண்டுவந்தன. இவ்வொன்பது இடங்களும் நாம் காணும் முன்பக்கத்தில், அதிலும் சந்திரனின் நடுக்கோட்டுக்கு அருகிலேயே அமைந்தவை. துருவப் பகுதியிலிருந்து ஒரு கல்லும் இல்லை. நாம் காணாத மறுபக்கத்திலிருந்தும் இல்லை. பானையின் ஒரு புறத்தில் மட்டும் அகப்பையை விட்டுப் பார்த்துவிட்டு, முழுப் பானையைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னது போலாயிற்று.

எட்ட நின்று பார்க்கும் வழி ஒன்றுண்டு. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நம் நாட்டின் சந்திரயான் 1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. கோவை மாவட்டத்துக் கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து, தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர். அக்கலத்தில் இருந்த அமெரிக்கக் கருவி ஒன்று, சந்திரனிலிருந்து மீளும் ஒளியை நிறம் நிறமாகப் பகுத்து ஆராய்ந்தது. சந்திரனில் நீரின் அடையாளம் உண்டென்று 2009-இல் உலகுக்கு அறிவித்ததும் அதே கருவிதான். அதுவும், ஏறத்தாழ அதே காலத்தில் சுற்றிய சப்பானியக் கலமான ககுயாவும், சந்திரனின் பல பகுதிகளில் தூய அனார்த்தசைட்டு இருப்பதைக் கண்டன. ஆயினும் சுற்றி வருகின்ற கலம் நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து நோக்குவது. கல்லைத் தொட்டு ஆராய்வதற்கு அது நிகராகாது.

இங்கேதான் சித்தம்பூண்டி மறுபடியும் வருகிறது. சந்திரனில் தரையிறங்கும் கலத்தையும் அங்கே உருளும் ஊர்தியையும் பூமியிலேயே சோதித்துப் பார்த்தாக வேண்டும். அதற்குச் சந்திரனின் மேட்டு நிலத்து மண்ணை ஒத்த மண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை மிகுதி. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலநூல் துறையினர் உள்ளிட்டோரின் துணையுடன், சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் அனார்த்தசைட்டுப் பாறை இதற்குப் பொருத்தமானதென்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் கண்டது. பாறையை உடைத்து, வேண்டிய பருமனுக்கு அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுசென்று பரப்பிச் செயற்கை நிலவுத் தளம் அமைத்தனர். ஊர்தியின் சக்கரங்கள் அத்தளத்தில் ஓடிப் பழகின. அம்மண்ணைச் செய்யும் முறைக்கு 2020-இல் இந்தியக் காப்புரிமையும் கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை. சித்தம்பூண்டிக் கல் சந்திரனிலிருந்து வந்ததன்று. சந்திரனின் கல் பிறந்த முறையில் பிறந்ததும் அன்று. கனிப்பொருள் அமைப்பில் இரண்டும் உறவு, பிறப்பில் வேறு. நம் கல்லில் நீர் கலந்த கனிப்பொருள்களும் உண்டு. சந்திரனின் கல்லில் அவை இல்லையென்றே சொல்லலாம். உருவ ஒற்றுமையைக் கண்டு உடன்பிறந்தார் என்று முடிவு கட்டலாகாது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலையில் சந்திரயான் 2 கலத்தின் இறங்குகலம் சந்திரனில் மோதிச் சிதைந்தது. அன்று நாடே கண்கலங்கியது. சோதனையில் தோற்ற மாணவனை ஆசிரியர் எவ்வாறு நடத்த வேண்டுமோ அவ்வாறே அந்நிறுவனம் தன்னை நடத்திக்கொண்டது எனலாம். எந்தக் கணக்கில் எந்த அடி பிழைத்தது என்று தேடிற்று, பிழைக்கு இடமளிக்கக்கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் மாற்று வழி அமைத்தது, கால்களை வலுப்படுத்திற்று, இறங்குவதற்குரிய நிலப்பரப்பை விரிவாக்கிற்று. 2023-ஆம் ஆண்டு சூலை 14-ஆம் நாள் சந்திரயான் 3 சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எழுந்தது. ஆகத்து 23-ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு, தெற்கே ஏறத்தாழ 69 பாகை அகலாங்கில், அஃது அமைதியாகத் தரை தொட்டது. அதற்கு முன் எந்த நாட்டுக் கலமும் அத்துணைத் தெற்கே மெல்ல இறங்கியதில்லை. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். பட்டயப் படிப்பில் தொடங்கி, பொறியியல் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்.

இறங்குகலத்திலிருந்து பிரக்ஞான் என்னும் ஆறு சக்கர ஊர்தி வெளியே வந்தது. அதன் எடை 26 கிலோகிராம். நம் வீட்டு அரிசி மூட்டையளவு. ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அஃது ஊர்ந்தது. பத்து நாட்களில் அது கடந்த தொலைவு நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். அவ்வழியில் 23 இடங்களில் நின்று நின்று மண்ணைச் சோதித்தது.

அச்சோதனை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஊர்தியில் கியூரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் சிறிதளவு வைக்கப்பட்டிருந்தது. அதன் கதிர்கள் மண்ணில் பட்டதும், மண்ணிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்சு கதிரை வெளியிடும். கோயில் மணியையும் பள்ளி மணியையும் கண்ணாற் பாராமலே ஓசையால் வேறு பிரித்து அறிகிறோம் அல்லவா? அதுபோலக் கால்சியம் வெளியிடும் கதிர் வேறு, அலுமினியம் வெளியிடும் கதிர் வேறு, இரும்பு வெளியிடும் கதிர் வேறு. எந்தக் கதிர் எவ்வளவு என்று அளந்தால் மண்ணில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பது புலனாகும். இக்கருவியை உருவாக்கியவர்கள் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தினர். விக்கிரம் சாராபாய் 1947-இல் நிறுவிய கூடம் அது.

2024-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் முடிவு வெளியாயிற்று. 23 இடங்களிலும் மண்ணின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வகையாக இருந்தது. அதன் பெரும்பகுதி அனார்த்தசைட்டு. நடுக்கோட்டுக்கு அருகில் அப்போலோ கண்ட அதே கல், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தென் பகுதியிலும் இருக்கிறது. பானையின் மறுபுறத்துச் சோறும் அதே பதத்தில் வெந்திருந்தது! பாறைக் குழம்புக் கடல் சந்திரன் முழுவதும் பரவியிருந்தது என்னும் கருத்துக்கு இது வலிய ஆதரவு.

ஆயினும் ஒரு சிறு வேறுபாடு தென்பட்டது. எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் சற்று மிகுதியாக இருந்தது. மக்னீசியம் மிகுந்த கனிப்பொருள்கள் குழம்பின் அடியில் அமிழ்ந்தவை என்று முன்னர்ச் சொன்னேன். அடியிற் கிடந்தது மேலே வந்தது எவ்வாறு? பிரக்ஞான் ஊர்ந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் தென்முனை–எய்ட்கன் வட்டகையின் விளிம்பு இருக்கிறது. ஒரு பெரிய விண்பாறை மோதித் தோண்டிய பள்ளம் அது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் புறப்பட்டவன் பெரும்பகுதி வழியைக் கடந்துவிடும் தொலைவு. அம்மோதல் ஆழத்திலிருந்த பொருளை வாரி எடுத்துச் சுற்றிலும் இறைத்திருக்கக் கூடும் என்பது ஆராய்ச்சியாளரின் விளக்கம்.

சீன நாட்டின் சாங்-எ 6 கலம் அப்பள்ளத்திற்குள்ளேயே இறங்கி, 2024-ஆம் ஆண்டு சூன் 25-ஆம் நாள் 1,935 கிராம் மண்ணையும் கல்லையும் பூமிக்குக் கொண்டுவந்தது. மறுபக்கத்திலிருந்து மனிதன் கைக்கு வந்த முதல் மண் அதுவே. அதிலிருந்த எரிமலைக் கற்கள் 280 கோடி ஆண்டுப் பழமை உடையன என்று கண்டனர். மோதலுக்குரிய காலம் ஏறத்தாழ 425 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றும் அம்மண்ணைக் கொண்டே கணித்திருக்கின்றனர்.

இவ்வளவு சொன்னபின், எல்லாம் முடிந்துவிட்டதென்று நேயர்கள் கருத வேண்டா. ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. 2011-இல், அப்போலோ 16 கொண்டுவந்த ஒரு வெள்ளைக் கல்லின் வயதை மிக நுட்பமாக அளந்தவர்கள் 436 கோடி ஆண்டுகள் என்று கண்டனர். சந்திரன் பிறந்தது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளுக்கு முன் எனின், முதலில் மிதந்து உறைந்த மேலோட்டின் கல் அதைவிட இத்துணை இளமையாக இருப்பது ஏன்? சந்திரனே நாம் எண்ணியதைவிடப் பிந்திப் பிறந்ததா? குழம்புக் கடல் மிக மெதுவாக உறைந்ததா? அல்லது அக்கல் உறைந்தபின் மறுபடியும் உருகிற்றா? மூன்று விடைக்கும் ஆதரவாளர் உண்டு. இதனைத் தீர்க்க ஊர்தி போதாது. கல்லே பூமிக்கு வரவேண்டும். வயதை அளக்கும் நுட்பமான கருவிகளைச் சந்திரனுக்குக் கொண்டுசெல்வதினும் கல்லை இங்குக் கொண்டுவருதலே எளிது.

அதற்குரிய முயற்சியை நம் நாடு மேற்கொண்டுள்ளது. சந்திரயான் 4 திட்டத்திற்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சந்திரனில் இறங்கி, மண்ணையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, மேலெழுந்து, வேறொரு பகுதியுடன் விண்ணில் இணைந்து, பூமிக்குத் திரும்புதல் அதன் நோக்கம். இவற்றுள் கடினமானது விண்ணில் இரு கலங்கள் இணைவது. 2025-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், இரு சிறு கலங்களைப் பூமியின் சுற்றுவழியில் இணைத்துக் காட்டி, அவ்வித்தையை நம்மவர் கற்றுக்கொண்டனர். சப்பானுடன் சேர்ந்து துருவப் பகுதியில் நீரைத் தேடும் மற்றொரு திட்டத்திற்கும் 2025-இல் ஒப்புதல் கிடைத்தது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். சந்திரனின் துருவத்தருகே ஆழ்ந்த குழிகள் சிலவற்றில் கதிரவன் ஒளி ஒருபோதும் படுவதில்லை. அங்கே நீர் பனிக்கட்டியாய்த் தங்க இயலும். ஆனால் அவ்விருட்குழிகளில் இறங்குவது அரிது. சந்திரயான் 3 மண்ணுள் செலுத்திய வெப்பமானி, கதிரவனை நோக்கிச் சாய்ந்திருந்த இடத்தில் 82 பாகை வெப்பம் காட்டிற்று. அருகிலிருந்த சமதளத்தின் வெப்பமோ 20 பாகைக்கு மேல் குறைவு. சரிவின் திசை அத்துணை வேறுபாட்டைச் செய்கிறது. இதிலிருந்து, துருவத்தை நோக்கி 14 பாகைக்கு மேற் சாய்ந்த சரிவுகளிலும் ஆழமில்லாமலே பனிக்கட்டி இருக்கக் கூடும் என்று கணித்துள்ளனர். அத்தகைய இடங்களில் இறங்குதல் இருட்குழியில் இறங்குவதைவிட எளிது.

இங்கே ஒரு தடையை எதிர்பார்க்கிறேன். “பள்ளிக்கூடத்திற்குக் கூரை இல்லாத நாட்டில் சந்திரனின் கல் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. முப்பத்தைந்து ஆண்டு பள்ளியில் கழித்த நான் அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரே நுண்ணோக்கியை அறுபது மாணவர் வரிசையில் நின்று பார்த்த நாட்களை அறிவேன். ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சந்திரயான் 4 திட்டத்தின் செலவு ஏறத்தாழ 2,104 கோடி ரூபாய். நாட்டு மக்கள் 140 கோடிப் பேர் என்று கொண்டால், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அதுவும் பல ஆண்டுகளில் பரவலாகச் செலவாவது. கூரை இல்லாமைக்குக் காரணம் இப்பதினைந்து ரூபாய் அன்று. எனினும், சந்திரனுக்குச் சென்றோம் என்னும் பெருமையைக் காட்டிக் கூரையை மறந்துவிடுவோமாயின் அது நம் பிழையாகும். சந்திரனுக்கு ஊர்தி அனுப்பிய நாடு தன் பள்ளிகளுக்கு நுண்ணோக்கி அனுப்புதல் அரிதன்று. இரண்டையும் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அன்றியும், ஒரு பெருஞ்செல்வம் நமக்கு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. சந்திரயான் கலங்கள் அனுப்பிய படங்களும் அளவுகளும் பெங்களூருக்கு அருகில் பியாலாலு என்னும் இடத்திலுள்ள தரவு மையத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. பெயரைப் பதிந்துகொள்ளும் எவரும் அவற்றைக் கட்டணமின்றிக் கணிப்பொறியில் பெற்று ஆராயலாம். எந்தக் குழியின் எந்தச் சரிவு துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதை ஒரு மாவட்டத் தலைநகர்க் கல்லூரி மாணவன் தன் அறையில் அமர்ந்தே அளக்கலாம். அதற்கு வேண்டியவை இயற்பியல், வேதியியல், கணிதம், நிலநூல் ஆகியவற்றில் உறுதியான அடிப்படையும் பொறுமையுமே. பள்ளி மாணவர்க்கென 2019 முதல் விண்வெளி நிறுவனம் ‘யுவிகா’ என்னும் பயிற்சியை நடத்தி வந்திருக்கிறது. உயர்கல்வி விரும்புவோர்க்குத் திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கிய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல விழைகிறேன். விண்வெளித் துறை என்றதும் ஏவுகணையையும் பொறியியலையும் மட்டுமே எண்ணிவிடுகிறோம். கல்லைப் படிக்கும் நிலநூலும், கதிரைப் பகுக்கும் இயற்பியலும் இல்லாவிடின், சந்திரனுக்குச் சென்ற கலம் திரும்பிவந்து சொல்வதற்குச் செய்தியொன்றும் இராது. நம் கல்லூரிகள் பலவற்றில் நிலநூல் வகுப்பில் இடங்கள் நிரம்பாமல் இருக்கின்றன, மகளோ மகனோ அப்பாடத்தை விரும்பினால் “வேலை கிடைக்குமா?” என்ற ஒரே கேள்வியால் அவ்விருப்பத்தை அவித்துவிடாதீர்கள். சந்திரயான் 4 கல் கொண்டுவரும் நாளில், அதன் வயதை அளக்கும் கைகள் இந்தியக் கைகளாக இருத்தல் வேண்டாவா? அக்கைகள் இப்போது பள்ளியில் எழுதுகோல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடநூலில் சந்திரனைப் பற்றிய பாடம் வரும்போது, அதன் குறுக்களவையும் தொலைவையும் மனப்பாடம் செய்வித்து விட்டுவிடாதீர்கள். ஊருக்கு அருகே எந்தப் பாறை இருக்கிறதோ அதை மாணவர் கையிற் கொடுங்கள். கருங்கல்லாயின் கருங்கல், சுண்ணாம்புக் கல்லாயின் சுண்ணாம்புக் கல். ‘இஃது எவ்வாறு பிறந்தது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். விடை உடனே வராமற் போகலாம். சில வெள்ளைத் துணுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டவர்கள்தாம், 450 கோடி ஆண்டுகளுக்கு முன் கொதித்துக் கிடந்த ஒரு கடலைக் கண்டனர். அவர்கள் சொன்னது மெய்தானா என்று ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தது நம் நாட்டு ஊர்தி. மீதமுள்ள முடிச்சை அவிழ்க்கும் முறை இனி நம் பிள்ளைகளுடையது.